மிளகாய்க் கிடங்கில் என் சேலை

என் வீட்டுக்காரருக்குச் சேலை கட்டினால் என்னைவிட எடுப்பாக இருக்கும். இதைப் பொறாமையில்லாமல் சொல்ல எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. கல்யாணமாகித் தெற்கேயிருந்து ராயபுரத்துக்கு வந்த புதிதில், பக்கத்துப் போர்ஷன்காரி என்னிடம், "உங்க வீட்டுக்காரர் போன நாடகத்துல மகாராணியா வந்தாரு, அடாடா, இன்னா கண்ணு, இன்னா நடை!" என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் குமாஸ்தா என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். மகாராணி என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து நாடகக் குழுக்களில் பெண்கள் நடிப்பதில்லை. துறைமுகத்துக் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்திய குழு அது. யாருக்கு உடம்பு ஒல்லியாகவும் மீசை அரைகுறையாகவும் இருக்கிறதோ அவருக்குப் பெண் வேஷம். என் வீட்டுக்காரருக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. குழுவுக்குத் தலைவர், ஆசிரியர், கதாநாயகன் மூன்றும் ஒருவரே. எங்கள் ஊர்ப்பக்கத்து மனுஷர், மிளகாய் மண்டி வைத்திருந்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மிளகாய்க் கிடங்குதான் கொட்டகை. மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பலகை போட்டால் மேடை. ஜனங்கள் காலிச் சாக்குகளில் உட்காருவார்கள். யாராவது சாக்கை உதறினால் போதும், கிடங்கு முழுக்கத் தும்மல்; கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். அண்ணாச்சிக்கோ தன் நாடகத்தைப் பார்த்து அழாதவர்கள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்ற நம்பிக்கை. அதை யாரும் கெடுக்கவில்லை.

ராஜா ராணிக் கதைகள் போட்டுப் போட்டு அலுத்துப்போய் அண்ணாச்சி ஒரு வருஷம் சமூக நாடகம் எழுதினார். இந்தக் காலத்துக் கல்யாணம், இந்தக் காலத்துப் பிள்ளை வளர்ப்பு, அதனால் வரும் கேடு, இதுதான் விஷயம். தலைப்பே நோட்டீசில் இரண்டு வரி. கதை இது: படித்த மனைவி உத்தியோகத்துக்குப் போகிறாள். கைப்பை மாட்டிக்கொள்கிறாள். பிள்ளையை வேலைக்காரியிடம் விடுகிறாள். பிள்ளைக்கு ஜுரம் வருகிறது. கடைசிக் காட்சியில் மனைவி கைப்பையை அடுப்பில் போட்டுவிட்டுப் புருஷன் காலில் விழுகிறாள். திரை. புருஷன் அண்ணாச்சி. மனைவி என் வீட்டுக்காரர்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எனக்குத்தான் எல்லாமே வந்தது. நான் கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஆள் வேண்டியிருந்தது. சின்ன வகுப்பு மதியத்தோடு விட்டுவிடும். அங்கிருந்த பெரிய டீச்சரம்மா என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்குக் காலையில நீங்க வந்து நின்னா வேலை உங்களுக்கு. வரலைன்னா இன்னொரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் படவில்லை. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு ஆசை. பானை, சட்டியிடம் எவ்வளவு நாள்தான் பாடம் நடத்துவது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிள்ளைய ஆரு பாப்பா?" என்றார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. "உங்களுக்கு மதிய ஷிப்டுதானே? காலைல வீட்டுலதானே இருக்கீய? நான் வரவும் நீங்க போகவும் சரியா இருக்கும்லா?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே நடுமுற்றத்துக் குழாயடியில் ஆறு குடித்தனத்துப் பெண்களும் ஆண்களும் எந்நேரமும் நின்றுகொண்டிருப்பார்கள். "குழாயடியில எல்லாவனும் பாக்கையில நான் பிள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கணுமாக்கும்?" என்று கேட்டார். மகாராணியாக மேடையில் நிற்க வராத கூச்சம் பிள்ளையைத் தூக்கி நிற்க வந்துவிட்டது. எனக்கு எரிச்சலான எரிச்சல். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, நாடகம் முடியட்டும், யோசிப்போம்" என்றார். நாடகம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குமேல் யோசிக்க அவருக்கு ஏது நேரம்? இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

இதற்கு நடுவில் வசனம் வேறு பாடம் பண்ண வேண்டும். அண்ணாச்சி தனக்கு மண்டி வேலை என்று சொல்லிவிட்டதால் வீட்டு ஒத்திகைக்குப் புருஷன் வசனத்தைப் படிக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் படிக்கச் சொன்னார். எனக்கென்ன கசக்குமா? தினமும் காலையில் சமையல் முடிந்ததும் அவர் என் சேலையைச் சுற்றிக்கொண்டு எதிரில் நிற்பார். நான் காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பறையில் கத்த வேண்டிய குரலையெல்லாம் கூட்டி, "அடி பேதையே! அடுப்பங்கரை உனக்குக் கசக்கிறதோ? படி தாண்டும் காலை முறித்துப் போடுவேன்!" என்று முழங்குவேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, "நாதா! பிள்ளை நம் இருவருக்கும் பிறந்ததுதானே? பசித்து அழும்போது எனக்கு மட்டும் பிறந்ததாகிவிடுமோ?" என்று விம்முவார். அண்ணாச்சி இந்தக் கேள்வியை எழுதியதே, அதற்குப் புருஷன் ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லி மனைவியின் வாயை அடைப்பதற்காகத்தான். அந்த ஒரு பக்கத்தையும் நான்தான் படித்தேன். என் ஆசைக்கு எதிராக நானே வாதாடினேன். அவரோ எனக்கு வேண்டியதையெல்லாம் எனக்கு எதிரில் நின்று கண்ணீரோடு கேட்டார். முந்தானையை இழுத்து மூக்கைத் துடைப்பதுவரை எல்லாம் என்னைப் பார்த்துப் பிடித்ததுதான்.

சுவர் ஒற்றைக்கல் சுவர், உள்ளே பேசுவது தெருவுக்கே கேட்கும். நாலைந்து நாள் போனபின் ஒரு காலையில் மீன் விற்கும் அக்கா கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். குப்பத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்கு வருகிறவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாமே இது அநியாயமா கீது? தெனிக்கும் இந்த மனுசன போட்டு இந்தக் கத்து கத்துற. கால ஒடைப்பேன்ற. அவுரு பொம்பள கணக்கா அழுவுறாரு. தெரு முச்சூடும் பேஜாராப் பேசிக்கினு கீறாங்க."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் என் பச்சைச் சேலையோடு அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. "அட பாவி, பொடவ வேற கட்டி வுட்டுட்டியா?" என்றாள்.

நாடகம் என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கதையைக் கேட்டவள் மோவாயில் கை வைத்தாள்.

"வேலைக்கிப் போனா புள்ளைக்கி ஜொரம் வருமா? அப்போ எங்க குப்பத்துல ஒரு புள்ளகூட எய்ந்து நடக்காது. யாரும்மே எய்தினது இத்த?"

"மிளகாய் மண்டி அண்ணாச்சி."

"அவுரா? அவுரு ஊட்டம்மாதானே காலீலேர்ந்து மண்டில குந்திகினு யாவாரம் பாக்குது?"

அது வாஸ்தவம்தான். அண்ணாச்சி இந்த நாடகத்தை எழுதிய காலைகளிலெல்லாம் மண்டியைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவிதான். அன்றிலிருந்து அக்கா மீன் விற்றுவிட்டு வந்து எங்கள் ஒத்திகையில் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கும் போதெல்லாம், "கேளு நைனா, நல்லா கேளு" என்று தொடையில் தட்டுவாள். மடியிலிருந்து வெற்றிலை எடுத்து எங்களுக்கும் கொடுப்பாள்; நான் புருஷன் பதிலைப் படித்தால் மட்டும் எனக்கு வெற்றிலை கிடைக்காது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. கடைசிக் காட்சியில் ஜுரம் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வர வேண்டும். மேடைக்கு ஒரு பொம்மை உண்டு. அவர் அதைத் தோளில் போட்டால் சரக்கு மூட்டை, கையில் பிடித்தால் குடை. ஆண்களுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே வேட்டி நிற்பதற்குத்தான். "பொம்மைல பழகுனா வராது. நெசப் பிள்ளைய வச்சிப் பழகுங்க" என்று சொல்லி மகளைத் தூக்கி அவர் இடுப்பில் உட்காரவைத்தேன். இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளு, பிள்ளையின் கால் இரண்டையும் முன்னும் பின்னும் போடு, ஒரு கையால் அணை, மற்ற கை வேலை செய்யட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் பிள்ளை வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குழம்பைக் கிளறினார். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

இதில் நான் எதிர்பாராதது மகள். அவளுக்கு அந்த இடுப்பு பிடித்துப்போய்விட்டது. அவர் சேலையைக் கையில் எடுத்தாலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். சேலை கட்டின அப்பாதான் அவளுக்கு இடுப்பில் வைத்துக்கொள்கிற அப்பா. என் இடுப்பில் தூங்காத பிள்ளை அவர் இடுப்பில் இரண்டு ஆட்டு ஆட்டினால் தூங்கிவிடும். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். கிடங்கு நிரம்பி வழிந்தது. மீன்கார அக்கா குப்பத்துப் பெண்களை ஒரு பட்டாளமாகக் கூட்டிவந்து மேடைக்கு அடியிலேயே சாக்கு விரித்துவிட்டாள். நானும் மகளோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல சேலை மேடையில் இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, நம் சேலை மட்டும் உத்தியோகத்துக்குப் போய்விட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். 

முதல் காட்சியில் அந்தக் கேள்வியை அவர் கேட்டபோது பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். அண்ணாச்சி ஒரு பக்கப் பதிலை மூச்சு விடாமல் பொழிந்து அதை அடக்கினார். கடைசிக் காட்சி வந்தது. சாக்குத் தூசி கிளம்பி எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தோளில் கைப்பையும் இடுப்பில் பொம்மையுமாக நுழைந்தார். அவ்வளவு நேரம் என் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய இடத்தில் வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீறிட்டாளே பார்க்கலாம், மூட்டைகளே அதிர்ந்தன.

வெளியே தூக்கிக்கொண்டு போகலாமென்று எழுந்தேன். அக்கா என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். "நீ குந்துமே. அது அப்பங்கிட்ட போவணுங்குது" என்று சொல்லி, முழங்கால் உயர மேடைதானே, தூக்கி மேலே நிறுத்திவிட்டாள்.

மகள் தத்தித் தத்திப் போனாள். பொம்மையின் காலைப் பிடித்து ஒரே இழுப்பு. பொம்மை கீழே விழுந்து தலை தனியாகக் கழன்று உருண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மேலே பார்த்துக்கொண்டு கையை நீட்டி, "பெற்ற பிள்ளையைப் பேணத் தெரியாதவளே! நீ ஒரு தாயா?" என்று முழங்கிவிட்டார். மகள் மேடை மனைவியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "ப்பா! ப்பா!" என்றாள். கிடங்கு ஓ என்று சிரித்தது.

நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கணம் ஜனங்களைப் பார்த்தார். குழாயடிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். துறைமுகத்து ஆட்களும் இருந்தார்கள். பிறகு குனிந்தார். ஒரே வீச்சில் பிள்ளையை இடுப்பில் ஏற்றினார். மிளகாய்த் தூசி முகத்தில் படாமல் முந்தானையை இழுத்து மூடினார். இரண்டு ஆட்டு ஆட்டினார். அழுகை நின்றது. விரல் வாய்க்குப் போனது. கண் சொருகிவிட்டது. இது நடிப்பில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி உதட்டை அசைக்காமல், "பிள்ளைய இறக்கிட்டுக் கால்ல விழுடே" என்றார். முன்னால் இருந்த எங்களுக்குக் கேட்டது.

என் வீட்டுக்காரர் பெண் குரலில், "நாதா! பிள்ளை இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். மெல்லப் பேசுங்கள். உங்கள் கால் எங்கே போய்விடப் போகிறது, பிறகு விழுகிறேன்" என்றார்.

அக்கா வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள். அண்ணாச்சி முகம் அவருடைய சரக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்படியானால் இந்த உத்தியோகம்? இந்தக் கைப்பை?" என்று கேட்டார். கைப்பையை அடுப்பில் போட வேண்டிய இடம் அது. அடுப்பும் எதிரில் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்தார். கைப்பையை இன்னும் நன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு அந்தப் பழைய கேள்வியை, இந்த முறை விம்மாமல், சாதாரணமாகக் கேட்டார். "நாதா, பிள்ளை நம் இருவருக்கும் பிறந்ததுதானே?"

ஒரு பக்கப் பதில் முதல் காட்சியிலேயே செலவாகிவிட்டது.  "பதில் சொல்லு நைனா!" என்றது குப்பத்துப் பக்கம். "சொல்லுங்களேன், நானும் கேட்டுக்கிடுதேன்" என்று கிடங்கு ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது அண்ணாச்சியின் மனைவி. பதிலுக்கு அண்ணாச்சி தும்மினார். திரையை இழுத்துவிட்டார்கள்.

கிடங்கை விட்டு வெளியே வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அவர் வேஷத்தைக் கலைக்கட்டும் என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளப் போனேன். "தொடாத, முழிச்சிக்கிடுவா" என்றார். அப்படியே, என் சேலையோடும் கன்னத்துப் பவுடரோடும் இடுப்பில் பிள்ளையோடும், கல்மண்டபம் ரோடு நெடுக என் பக்கத்தில் நடந்து வந்தார். பார்க்காத ஆள் இல்லை. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துச் சாக்கடையில் இறங்கினார். குழாயடியில் எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் பிள்ளையைப் பாயில் கிடத்தினார்.

நாளைக்கு என்ன என்று கேட்க எனக்குப் பயம். கேட்கவும் இல்லை. அவர் வேட்டிக்கு மாறிக்கொண்டு சேலையை எடுத்து மோந்து பார்த்தார். "மொளகா நெடி தாங்கல. இதக் கட்டிக்கிட்டுப் போயி நின்னா பிள்ளைகள்லாம் தும்மும்லா" என்றார். நேராகக் குழாயடிக்குப் போய், அத்தனை பேர் நடுவில் குந்தி உட்கார்ந்து, என் சேலையை அலசு அலசென்று அலசினார். நின்றவர்கள் குடங்களைத் தள்ளிவைத்து இடம் விட்டார்கள். மேடையில் பார்த்தாகிவிட்டது, ரோட்டில் பார்த்தாகிவிட்டது, இனி பார்க்க என்ன இருக்கிறது? நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

காலையில் சேலை காய்ந்திருந்தது. கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வாசலுக்கே வந்து நின்றார். குழாயடியில் கூட்டம். எல்லாருக்கும் கேட்கும்படி, மேடைக் குரலில், "போய் வாருங்கள் நாதா! மத்தியானம் தாமதம் செய்யாதீர்கள்!" என்றார். குழாயடி சிரித்து உருண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முனையில் திரும்பி நின்று மகளைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அம்மா என்று ஒரு சத்தம் போடுவாள், ஒரு கையாவது நீட்டுவாள் என்று நின்றேன். அவள் அப்பா காதைத் திருகிக்கொண்டு இருந்தாள். என் பக்கமே திரும்பவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சரம்மா நின்றிருந்தார். "வந்துட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்றவர் என் முகத்தைப் பார்த்து, "கண்ணெல்லாம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?" என்று கேட்டார்.

"மிளகாய் நெடி டீச்சரம்மா. நேத்து இந்தச் சேலை மிளகாய்க் கிடங்குல இருந்துச்சு" என்றேன். சேலையை அவர் நன்றாகத்தான் அலசியிருந்தார்.